சோற்றுக் கை எது?

டி.எஸ்.பி. ரணதீரன் பதினேழு பேரைச் சுட்டுக் கொன்றிருந்தார். பதினேழு முறையும் பயந்துபோய்த்தான் சுட்டார் என்று எழுத்தில் இருந்தது. "என் உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சி, வேறு வழியின்றி, தற்காப்புக்காக" என்ற வரியை அறிக்கை எழுதும் ரைட்டர் கம்ப்யூட்டரில் பத்திரமாக வைத்திருந்தார். செத்தவன் பெயரையும் இடத்தையும் மட்டும் மாற்றினால் போதும். ஒருமுறை பெயரை மாற்ற மறந்துவிட்டார். அந்த ஆண்டு ஒரே ஆள் இரண்டு தடவை செத்தான். யாரும் கவனிக்கவில்லை.

யாரும் படிக்காத வரி என்று எல்லாரும் நிம்மதியாக இருந்தபோது ஒரு நீதிபதி அதைப் படித்துவிட்டார். படித்ததோடு நிற்காமல், "பதினேழு தடவை உயிருக்குப் பயந்தவர் எப்படி இன்னும் இந்த வேலையில் இருக்கிறார்? நிஜமாகவே பயந்தாரா?" என்று கேட்டும்விட்டார்.

அதற்குப் பதிலாக வந்து சேர்ந்ததுதான் அச்சமானி. நெல்மணி அளவு இருக்கும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோலுக்கடியில் வைத்துத் தைத்துவிடுவார்கள். நாடி, வியர்வை, ரத்தத்தின் ஓட்டம் எல்லாவற்றையும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். மெய்யான உயிர்ப்பயம் இருந்தால் பச்சை எரியும், துப்பாக்கியைப் பிடித்த விரல் மடங்கும். பயம் இல்லையென்றால் சிவப்பு, விரல் மரத்துப்போகும். போலீஸ்காரர்கள் அதற்குப் 'பூச்சி' என்று பெயர் வைத்தார்கள்.

எந்தக் கையில் வைப்பது என்று முடிவு செய்ய அமைத்த குழு மூன்று முறை கூடி, மூன்று முறையும் பாதாம்பால் குடித்தது. தலைக்கு ஒரு அச்சமானி என்றுதான் ஒப்பந்தம். "அடுத்த கையால சுட்டா என்ன சார் பண்றது?" என்று ஒரு எஞ்சினியர் பெண் கேட்டாள். ஓய்வு பெற்ற அதிகாரியான தலைவர் சிரித்துவிட்டார். "பீச்சாங்கையாலயா? அந்தக் கையால போலீஸ்காரன் ஒரு நல்ல காரியம் செய்ய மாட்டாம்மா." படிவத்தில் ஒரு கேள்வி சேர்க்கப்பட்டது: 'சோற்றுக் கை எது?' காவல்துறை மொத்தமும் 'வலது' என்று எழுதிக் கொடுத்தது.

ரணதீரனும் அப்படித்தான் எழுதினார். பெற்றோர் வைத்த பஞ்சவர்ணம் என்ற பெயரை அரசிதழில் மாற்றி ரணதீரன் ஆனவர் அவர். பயம் என்றால் என்னவென்று கேட்கும் ஆள். அதுதான் வினையாகிவிட்டது. பதினெட்டாவது ஆளைக் காட்டுக்குள் மண்டியிட வைத்துப் பிடரியைக் குறிபார்த்தபோது விரல் வெந்த முருங்கைக்காய்போல் தொங்கியது. தோலுக்கடியில் சிவப்பு மினுங்கியது. உதறினார், ஊதினார், தொடையில் தேய்த்தார். ஐந்து நிமிடம் கழித்து மண்டியிட்டவன் கண்ணைத் திறந்து, "அய்யா, நேரமாகுமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்காக அவனை லத்தியால் அடித்தார்கள். மூன்று விலா எலும்பு போயிற்று. நான்கு நாள் ரத்தமாக மூத்திரம் போனான். கைதானதாக எங்கும் காட்டாத ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியுமா? ஊருக்கு வெளியே இருந்த துப்பாக்கி சுடும் தளத்தின் சாமான் அறையில் போட்டுப் பூட்டினார்கள். சாவி தளத்தின் பொறுப்பில் இருந்த ஏட்டு ஜெபக்கனியிடம் வந்தது. ஆளின் பெயர் பாலவேசம் என்பதும் அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

அடுத்த வாரம் ரணதீரனே வந்தார்.

"ஜெபக்கனி, நீ இடது கையாலதான சுடுவ?"

"ஆமாய்யா."

"எனக்குச் சொல்லிக் குடு."

ஜெபக்கனி பிறவியிலேயே இடது கைக்காரி. வீட்டில் அந்தக் கையில் சூடு வைத்துச் சோற்றை வலது கைக்கு மாற்றினார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டியில் அடித்துப் பேனாவை மாற்றினார்கள். துப்பாக்கியை மட்டும் யாரும் அடித்துத் திருத்த வருமுன் அவளே எடுத்துவிட்டாள். மாநிலத் தங்கம் வாங்கினாள். இடது கையோடு படத்தை மாட்டினால் நன்றாயிருக்காது என்று அலுவலகத்தில் அதைத் திருப்பி அச்சடித்து மாட்டியிருந்தார்கள். சட்டையில் அவள் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் இருந்தது. வந்தவர்கள் ஏதோ வடக்கத்தி எழுத்து என்று நினைத்துக்கொண்டார்கள். படிவத்தில் அவளும் உள்ளதைத்தான் எழுதினாள்: சோற்றுக் கை, வலது. பூச்சி வலது கையில் இருந்தது. மாவட்டத்தில் பூச்சியின் தொந்தரவே இல்லாமல் சுடக்கூடிய ஒரே ஆள் அவள்தான்.

"வலது கைய என்ன செய்ய?" என்றார் ரணதீரன் முதல் நாள்.

"முதுகுக்குப் பின்னால மடக்கி வச்சுக்கோங்க அய்யா. அது இல்லன்னு நெனச்சுக்கோங்க."

சுட்டார். எட்டுக் குண்டும் போயின. இலக்குப் பலகையில் ஓட்டைகளை ஒட்டும் வேலை பாலவேசத்துக்கு. தளத்துக்கு ஆள் பற்றாக்குறை. சும்மா அடைத்துவைத்துச் சோறு போடுவதற்கு இது தேவலை என்று ரணதீரனே போட்ட உத்தரவு. மைதாப் பசைச் சட்டியோடு பலகைக்குப் பின்னாலிருந்து நொண்டிக்கொண்டு வந்தான்.

"அய்யா, பலகையில ஒண்ணும் இல்ல. பக்கத்துப் பனையில ரெண்டு இருக்கு."

"ஏலே, வாய மூடு."

"மூடுதேன் அய்யா. பசைதான் காஞ்சுபோகுது."

கை மாறினால் போதாது, பழக்கமெல்லாம் மாற வேண்டும் என்றாள் ஜெபக்கனி. பல் துலக்குவது, பொத்தான் போடுவது, கதவைத் திறப்பது எல்லாம் இனி இடதுதான். ரணதீரன் எதையும் முழுசாகச் செய்கிறவர். எஸ்.பி.க்கு இடது கையால் சல்யூட் வைத்தார். "என்னய்யா இது?" என்று கேட்டதற்கு, "சுளுக்கு சார்" என்றார். கோயிலில் திருநீற்றுக்கு இடது கையை நீட்டினார். குருக்கள் தட்டைத் தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். இதையெல்லாம் துறை வளர்ச்சிக்கான தியாகம் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

மதியம் சோறு கொண்டுபோகும்போது பாலவேசம் பேச்சுக் கொடுப்பான்.

"ஏட்டம்மா, அவரு கையில மினுங்குதே, என்னது அது?"

"பூச்சி. மெய்யாவே உசுருக்குப் பயந்தாத்தான் விரல் மடங்கும்."

"அப்பப் பயப்பட வேண்டியதுதான?"

"அவருக்கு வரலியே."

"நான் வேணா கொஞ்சம் குடுக்கேன். இங்க நெறையக் கெடக்கு."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "ஒம்மேல என்ன கேசு?" என்றாள்.

"கொலை ரெண்டு. ஒண்ணு நான் செஞ்சது. வரப்புத் தகராறு, மச்சினன் தலையில மம்பட்டியால ஒரே போடு. இன்னொண்ணு வேற யாரோ செஞ்சது, எம்பேர்ல எழுதிட்டாவ."

"தூக்கம் வருதா?"

"வரும். சில நாள் அவனும் கூட வருவான்."

ஆறாம் நாள் மூன்று குண்டு பலகையின் நெஞ்சில் விழுந்தன. ரணதீரன் குதித்தார். பாலவேசம் இரண்டு ஓட்டையை ஒட்டினான். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தான். பிறகு தன் சட்டையில் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தான்.

ரணதீரன் கிளம்பிப் போனதும் ஜெபக்கனியிடம் வந்தான். "இது எனக்குத்தான ஏட்டம்மா?"

அவள் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணியை மறுபடி எண்ணெயில் தோய்த்தாள்.

"அப்ப நல்லாச் சொல்லிக் குடுங்க."

"என்னது?"

"அரைகுறையா விட்றாதீங்க. போன தடவ விரல் மடங்கலன்னு எனக்கு என்னாச்சுன்னு பாத்தீங்கல்லா? குண்டுன்னா ஒரே குண்டு. அவ்வளவுதான் கேக்கேன். பாதி கத்துக்கிட்டு வந்தாருன்னா எங்கெங்க சுடுவாரோ." பசைச் சட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அன்று மாலையே சாமான் அறைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு அவள் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கதவு உள்பக்கம் சாத்தியிருந்தது. "வெளிய போனா, தப்பி ஓடினான்னு எழுதுவாவ," என்றான் உள்ளேயிருந்து. "அதுக்கும் ஒரு வரி வச்சிருப்பாவ." கைதாகக் காட்டாத ஓர் ஆள் தளத்தில் இருக்கிறான் என்று எஸ்.பி. அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினாள். 'இடது கைப் பயிற்சி சிறப்பாக நடைபெறுவதற்குப் பாராட்டுகள்' என்று பதில் வந்தது.

பிறகு அவள் ஒரு காரியம் செய்தாள். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துத்தான் செய்தாள். விசையை அழுத்தும்போது ரணதீரனின் மணிக்கட்டு கீழே வலப்பக்கமாகச் சரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் சரியாகிவிடும். அவள் சொல்லவில்லை. "அருமை அய்யா, அப்படியே போகட்டும்" என்றாள். குண்டுகள் பலகையின் வயிற்றுக்கும் தொடைக்கும் இறங்கின. கை வராதவரை ஆள் பிழைத்திருப்பான் என்பது அவள் கணக்கு.

"இன்னும் பதினஞ்சு நாளாவது ஆகும் அய்யா," என்றாள்.

"பதினஞ்சு நாளா? பதக்கப் பட்டியல் வெள்ளிக்கிழமை முடியுதும்மா. பதினேழோட நிறுத்தினா பாக்கறவன் என்ன நெனப்பான்? பதினெட்டுன்னா ஒரு களை இருக்கு. நாளைக்கே வச்சிருவோம்."

கை வந்தால்தான் கொல்வார் என்று நினைத்திருந்தாள். பட்டியல் என்று ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல இனி நேரமும் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை ஆறரை மணி, கைவிட்ட கல்குவாரி. ரணதீரன், டிரைவர், இரண்டு கான்ஸ்டபிள்கள், கூடவே 'பயிற்சியாளர்' என்று ஜெபக்கனி. அறிக்கையை ரைட்டர் முந்தின நாளே அடித்துவிட்டார். பாலவேசத்தின் காலடியில் ஒரு நாட்டுத் துப்பாக்கியைப் போட்டார்கள். அவன் அதைப் பார்க்கவில்லை. ஜெபக்கனியைப் பார்த்தான். நல்லாச் சொல்லிக் குடுத்தீங்களா என்று கேட்கிற பார்வை. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஏழு எட்டு அடி தூரம்தான். ரணதீரன் வலது கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி, இடது கையை நீட்டினார். முதல் குண்டு பாலவேசத்தின் காதைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. அவன் அலறினான். இரண்டாவது, மணிக்கட்டு சரிந்து, அடிவயிற்றைக் கிழித்தது. உட்கார்ந்தான். இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டான். விரலிடுக்கில் வழிந்தது ரத்தம் மட்டும் இல்லை. மூன்றாவது கருங்கல்லில் பட்டுத் தெறித்தது. ஒரு கல் சில்லு திரும்பி வந்து ரணதீரனின் கன்னத்தைக் கீறியது.

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பதினெட்டு என்கவுன்ட்டரில் முதல் தடவையாக அவருடைய சொந்த ரத்தம்.

"என்னச் சுட்டுட்டான்! ஏலே, என்னச் சுட்டுட்டாம்ல!"

"கல்லுய்யா, கல்லு தெறிச்சது," என்றான் டிரைவர். அது அவர் காதில் ஏறவில்லை. பாலவேசம் குடலை ஒரு கையில் பிடித்துக்கொண்டு தவழ்ந்து வந்தான். "முடிச்சிருங்கய்யா, முடிச்சிருங்க" என்று அவர் பூட்ஸைப் பிடித்தான். ரணதீரன் வீரிட்டார். அறிக்கைகளில் பதினேழு தடவை வந்த அந்த அச்சம் அப்போதுதான் முதல் தடவையாக வந்தது. வியர்த்த இடது கையிலிருந்து நழுவிய துப்பாக்கியைப் பழக்க தோஷத்தில் வலது கை பிடித்தது. தோலுக்கடியில் பச்சை எரிந்தது. விரல் வெண்ணெயாக மடங்கியது.

மிச்சமிருந்த குண்டெல்லாம் தீர்ந்தது. பாலவேசத்துக்கு முகம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. குண்டு தீர்ந்த பிறகும் அவர் விரல் விசையை அழுத்திக்கொண்டே இருந்தது. டிக், டிக், டிக்.

அச்சமானிப் பதிவைப் பார்த்துக் குழு பூரித்துப்போனது. 'மெய்யான உயிர்ப்பயம்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு.' அறிவியலே சான்றிதழ் கொடுத்த முதல் என்கவுன்ட்டர் என்று பாராட்டி மறுபடி பாதாம்பால் குடித்தார்கள். 'அஞ்சாநெஞ்சர்' என்று பதக்கத்துக்குப் பரிந்துரை எழுதினார்கள். இணைப்பாக அச்சமானிப் பதிவையும் வைத்தார்கள்.

ஆனால் பச்சை அணையவே இல்லை. வந்த பயம் போக மறுத்தது. டிரைவர் ஹாரன் அடித்தான், தோளில் குண்டு. வீட்டுச் சமையலறையில் குக்கர் விசில் அடித்தது, குக்கர் இரண்டாகப் போயிற்று. அவர் மனைவி அன்றைக்கே தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். பதிவுத் தபால் கொண்டுவந்த தபால்காரர் பைக்குள் கையை விட்டார். வாசல்படியிலேயே செத்தார், கையெழுத்து வாங்கும் பேனா கையிலேயே இருந்தது. பூச்சி சொன்னது: தொண்ணூற்றேழு. சட்டப்படி ஒரு தவறும் இல்லை. பயந்தவன் சுடலாம் என்றுதானே விதி? செத்தவன் பயமுறுத்தினானா என்று பார்க்கப் பூச்சிக்குத் தெரியாது.

செய்தி பரவியது. பதினொரு அதிகாரிகள் ஜெபக்கனியிடம் இடது கைப் பயிற்சிக்கு விண்ணப்பித்தார்கள். அவளிடம் கற்றால் பயம் வரும் என்று கேள்விப்பட்டிருந்தார்கள்; அத்தனை பேருக்கும் பயம் தேவைப்பட்டது.

குவாரிச் சாவுக்கு மட்டும் கோட்டாட்சியர் விசாரணை வந்தது. ஜெபக்கனியின் சாட்சியம் காலை பதினொரு மணிக்கு. ஒன்பது மணிக்கே ரணதீரன் தளத்துக்கு வந்துவிட்டார். வலது கையில் துப்பாக்கி, இடது கையில் தட்டச்சு செய்த காகிதம். ஆள் பாதியாகியிருந்தார்.

"கையெழுத்துப் போடு."

அவள் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். படித்தாள். "பாலவேசம் மொதல்ல சுட்டான்னு இருக்கு அய்யா."

"சுட்டாம்லா! கன்னத்தப் பாரு."

"அது கல்லுய்யா."

"கல்லுன்னு எனக்குத் தெரியுமா? பூச்சிக்குத் தெரியுமா? நான் பயந்தேம்மா. பொய் இல்ல. சட்டப்படி பயந்தேன்!" கண்ணில் நீர் கட்டியது. "நீ அங்க போயி வேற எதையாவது சொல்லிருவியோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இப்பக்கூட ஒன்னப் பாத்தா எனக்கு எப்படி இருக்கு தெரியுமா?"

துப்பாக்கி முனை அவள் முகத்துக்கு உயர்ந்தது. அவர் கையில் பச்சை தகதகவென்று எரிந்தது. அவர் பொய் சொல்லவில்லை. தபால்காரரைப் பார்த்த கண்ணால்தான் அவளையும் பார்த்துக்கொண்டிருந்தார். சாமான் அறைக் கூரையில் ஒரு தகரம் காற்றில் அடித்தது. அவர் அந்தப் பக்கம் இரண்டு குண்டு சுட்டுவிட்டு, மறுபடி முனையை அவள் பக்கம் திருப்பினார்.

"பேனாவ எடு. சீக்கிரம்."

மேஜைமேல் இருந்த தன் வலது கையைப் பார்த்தாள் ஜெபக்கனி. பூச்சி வைத்த நாளிலிருந்து முதல் தடவையாக அதில் பச்சை எரிந்தது. ரணதீரனும் பார்த்தார். கோணலாகச் சிரித்தார்.

"ஒனக்கும் வந்துருச்சா?"

"வந்துருச்சுய்யா," என்றாள். வலது கையால் பேனாவை எடுத்தாள். காகிதத்தின் அடிக்குக் கொண்டுபோனாள். அவள் இடது கைக்காரி என்பது அவருக்குத் தெரியாததில்லை. ஆனால் கையெழுத்துப் போடும் கையைத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். அது முப்பது வருட வழக்கம்.

மணிக்கட்டு சரியவில்லை. ஒரே குண்டு. மேஜைக்கு அடியில் அவள் இடது கையிலிருந்த துப்பாக்கியிலிருந்து கிளம்பி அவர் மோவாய்க்குக் கீழே ஏறியது. ரணதீரன் சத்தம் இல்லாமல் மடிந்து விழுந்தார். பாலவேசம் கேட்டது இவ்வளவுதான்.

அரை மணி நேரத்தில் ரைட்டர் வந்தார். சவத்தைப் பார்த்தார், கூரையில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"ஏட்டம்மா, எப்பவும் போலத்தான?"

"எப்பவும் போலத்தான்."

'என் உயிருக்கு ஆபத்து நேரும் என்று அஞ்சி, வேறு வழியின்றி, தற்காப்புக்காக.' இந்தத் தடவை பெயரை மறக்காமல் மாற்றினார்.

அச்சமானிப் பதிவு: நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது. இதுவரை வந்ததிலேயே உயர்ந்தது. குழுவுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. கையைப் பற்றிப் படிவத்தில் இருந்த ஒரே கேள்விக்கு அவள் உள்ளதையே எழுதியிருந்தாள். சோற்றுக் கை: வலது.

திங்கள்கிழமை பதினொரு அதிகாரிகளும் தளத்து வாசலில் வரிசையாக நின்றார்கள். ஜெபக்கனி உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். வலது கை சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. தோலுக்கடியில் பச்சை மங்கலாக வந்து வந்து போயிற்று. மெய்யான பயம்தான், பூச்சி பொய் சொல்லவில்லை.

மடியில் கிடந்த இடது கை அசையாமல் இருந்தது. அது பயந்ததா என்று யாரும் கேட்கவில்லை.